ஆயாம்மா சொன்னதும் நான் எழுதியதும்

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். ஆயாம்மா உட்காரவில்லை. என் மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொல்லத் தொடங்கினார். நான் கணினியில் தட்டச்சு செய்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் கையெழுத்தாகப் போடப் பழகியிருந்தார். பள்ளி நிர்வாகம் கொடுத்திருந்த மெமோவுக்கு அவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதை எழுதித் தரும் வேலை பள்ளியின் கிளார்க்கான எனக்கு வந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி முடித்ததும் என் விரல்கள் ஓயும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். "நாஞ் சொன்னதத்தேன எழுதுறீக சார்?" என்று நடுவில் ஒருமுறை கேட்டார். "ஆமா ஆயாம்மா" என்றேன். பிரின்ட் எடுத்த தாளைக் கையில் பிடித்து அவருக்கு வாசித்தும் காட்டினேன். கூர்ந்து கேட்டுவிட்டுத் தலையசைத்தார். பேனாவை வாங்கி, நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு, நாலெழுத்துப் பெயரை எழுதி முடிக்க ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

அந்தத் தாளில் இருந்தது அவர் சொன்னது அல்ல. நான் வாசித்துக் காட்டியது அந்தத் தாளில் இருந்ததும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே போகும்போது எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன். ஆயாம்மா இறந்து இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம் ஆகிறது. தகவல் எனக்கு நான்கு நாட்கள் கழித்துத்தான் வந்தது. அவருக்கு நான் செய்ததை அறிந்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை. இருப்பவர்களும் அதைப் பேச விரும்புவதில்லை.

மதுரைக்கு மேற்கே, வீடுகள் குறைந்து வயல்கள் தொடங்குகிற ஓரிடத்தில் இருந்தது எங்கள் பள்ளி. ஒரு சபை நடத்திய கிறிஸ்தவப் பள்ளி. எல்.கே.ஜி.யிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். சுற்றுவட்டாரத்தில் விவசாயம் பார்ப்பவர்கள், பரவை மார்க்கெட்டில் வியாபாரம் செய்பவர்கள், கூலி வேலைக்குப் போனாலும் மகளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவைக்க நினைத்தவர்கள் எல்லாரும் எங்களிடம்தான் கொண்டுவந்து விட்டார்கள். அட்மிஷன் நேரத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று, "சாமி கும்புடுற இடம் சார். இங்க விட்டா கவலையில்லாம வேலைக்குப் போவோம்" என்று சொன்ன தகப்பன்மார்களை எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். நானும் அந்தச் சபையைச் சேர்ந்தவன். சிறுவயதில் பத்துக் கட்டளைகளைத் தடுமாறாமல் சொல்லி ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவன்.

ஆயாம்மா எனக்கு முன்பே அங்கு வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் வேலை பார்த்தவர்கள். அவரும் கல்யாணமாகிப் பல வருடங்கள் நாற்று நட்டுக் களை பறித்தவர்தான். கணவர் இறந்து, மகன் திருப்பூருக்குப் போன பிறகு, பள்ளியில் ஆயா வேலைக்கு வந்தார். சின்ன வகுப்புகளைக் கூட்டித் துடைப்பது, மூக்கு ஒழுகும் பிள்ளைகளுக்குத் துடைத்துவிடுவது, துணியில் போய்விட்டால் மாற்றிவிடுவது, பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆபீஸுக்கு டீ கொண்டுவருவது, இவைதான் வேலை. பொறுமையின் வடிவம் என்றெல்லாம் அவரைச் சொல்ல முடியாது. சத்தமாகப் பேசுவார். வெற்றிலையை அதக்கிக்கொண்டு வேன் டிரைவர்களோடு சண்டைக்குப் போவார். மதியத்தில் யு.கே.ஜி. பிள்ளைகளைத் தூங்கவைக்கிறேன் என்று பாயில் படுத்து அவர்களுக்கு முன்னால் தூங்கிவிடுவார். "அந்த ஆயாம்மாவுக்கு வாய் ஜாஸ்தி" என்று டீச்சர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பிற்பாடு அவர் சொன்னதை யாரும் காதில் வாங்காமல் போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

ஒரு நாள் மூன்று மணி டீயை என் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், மூணாங் கிளாசுப் பொம்பளப் புள்ளைக தண்ணி குடிக்க மாட்டேங்குதுக. பாட்டிலு காலையில வந்த மாதிரியே சாயங்காலம் போகுது."

"தாகம் எடுக்காம இருக்கும் ஆயாம்மா."

"இந்த வேக்காட்டுல தாகம் எடுக்காதாக்கும்? குடிச்சா ஒண்ணுக்கு வரும்னு குடிக்காம இருக்குதுக சார். நான் கேட்டுப்புட்டேன். பாத்ரூமுப் பக்கம் போகப் பயமா இருக்காம்."

எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கான மோட்டாரின் சுவிட்ச், பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போகும் நடையில் இருந்தது. கட்டடம் கட்டியபோதே அப்படி வைத்துவிட்டார்கள். மோட்டார் போடுகிறேன் என்று பள்ளியின் சூப்பர்வைசர் இடைவேளை நேரத்தில் அந்த நடைக்குப் போய் நின்றுகொள்கிறார். "மோட்டாரு போட அந்த ஆளுக்கு இன்ட்ரவல்லதேன் நேரம் கெடைக்குதாமா?" என்றார் ஆயாம்மா.

சூப்பர்வைசர் வேறு யாருமல்ல, எங்கள் தாளாளர் ஐயாவுடைய மனைவியின் தம்பி. கட்டடம், தண்ணீர், வேன் எல்லாம் அவர் பொறுப்பு. சிரித்த முகம். ஒவ்வொரு டிசம்பரிலும் சிவப்பு அங்கி போட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பவர் அவர்தான். என் மகளும் அவர் மடியில் உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்கிறாள். ஆயாம்மா சொன்னதைக் கேட்டதும் அந்தப் போட்டோ நினைவுக்கு வந்தது. ஆனால் என் வாய், "இதையெல்லாம் ஆபீஸ்ல பேசாதீங்க ஆயாம்மா. பிரின்சிபால் மேடத்துக்கிட்ட சொல்லுங்க" என்று சொன்னது.

சொன்னார். பிரின்சிபால் மேடம் தாளாளர் ஐயாவிடம் சொன்னார். தாளாளர் ஐயா ஆயாம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் போதகர். சபையிலும் அவர்தான் பிரசங்கம் செய்வார். கடிந்து பேசியதே இல்லை. அன்றும் மெதுவாகத்தான் பேசினார். பக்கத்து அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு குடும்பத்தின்மேல் பழி சுமத்துவது எவ்வளவு பெரிய பாவம் என்று விளக்கினார். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். ஆயாம்மா சொன்னது இவ்வளவுதான்: "சாட்சியெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. அந்தச் சுவிட்ச வேற பக்கம் மாத்திப் போடச் சொல்லுங்க. அம்புட்டுதேன் கேக்குறேன்." பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வருகிற பெற்றோர் கூட்டத்துக்குச் சுற்றறிக்கை தயார் செய்யச் சொன்னார்.

சுவிட்ச் மாறவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த ஆயாம்மா, யு.கே.ஜி. வகுப்பிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய் அந்த நடையின் வாசலில் போட்டு உட்கார்ந்தார். காலை இடைவேளை, மதியச் சாப்பாடு, மாலை இடைவேளை, மூன்று நேரமும் அங்கேதான். பிள்ளைகளுக்கென்று செய்த ஸ்டூல் அது. பெரிய உடம்புக்காரரான அவர் அதில் உட்கார்ந்தால் குத்தவைத்திருப்பது போல இருக்கும். சூப்பர்வைசர் வந்தால் எழுந்து நிற்பார். "மோட்டாருதான? நான் போடுறேன், நீங்க போங்க" என்பார். உள்ளே போய்ப் போட்டுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்வார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவரைத் தாண்டி உள்ளே போய்வந்தார்கள். கொஞ்ச நாளில் அவருடைய சேலை நுனியைப் பிடித்து இழுத்து விளையாடவும் தொடங்கினார்கள். பாட்டில்கள் காலியாகத் திரும்பிப் போயின. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்த பாட்டில்களைக் காட்டினார். பார்த்துவிட்டு வந்தேன்.

ஆபீஸுக்கு டீ நேரத்துக்கு வரவில்லை, ஒதுக்கப்பட்ட பணியிடத்தில் இல்லை என்று முதல் மெமோ. மறுபடியும் இல்லை என்று இரண்டாவது. மூன்றாவது மெமோ எழுத்தில் விளக்கம் கேட்டது. மூன்றையும் தட்டச்சு செய்தது நான்.

விளக்கம் எழுத வேண்டிய நாளன்று காலையில் தாளாளர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அந்தம்மா கோபத்துல இருக்காங்க. வாய்க்கு வந்ததச் சொல்லுவாங்க. வாயால சொன்னது காத்தோட போயிரும், பேப்பர்ல வந்துட்டா அழிக்க முடியாது. நீங்கதான் கொஞ்சம் பக்குவமா எழுதணும்." இதற்குமேல் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பொய் எழுது என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. பின்னாளில் வழக்கறிஞர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பக்குவமாக என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. ஒன்பது வருடங்களாக நான் தற்காலிகப் பணியில் இருந்தேன். வருகிற ஜூனில் நிரந்தரம் என்று பேச்சு இருந்தது. மகள் அங்கேயே ஐந்தாம் வகுப்பில் கட்டணமில்லாமல் படித்தாள். இவையெல்லாம் காரணங்கள். இதைப் படிக்கிறவர்களிடமும் இதே மாதிரிக் காரணங்கள் இருக்கும். அதனால் இவற்றை நான் சாக்காகச் சொல்லவில்லை.

ஆயாம்மா சொன்னது இன்றும் எனக்கு மனப்பாடம். "டீ கொண்டார முடியலங்கிறது வாஸ்தவந்தேன். சூப்பர்வைசரு பொம்பளப் புள்ளைக பாத்ரூமுப் பக்கம் வந்து நிக்கிறாரு. புள்ளைகளத் தொடுறாரு. மூணாங் கிளாசுப் புள்ளைக ரெண்டு பேரு எங்கிட்டச் சொல்லி அழுதுச்சுக. நான் பெரியவுககிட்டச் சொன்னேன், கேக்கல. கேக்குற வரைக்கும் நான் அங்கனதேன் உக்காந்திருப்பேன்." நான் எழுதியது: 'சூப்பர்வைசர் அவர்களுடன் எனக்கு ஏற்பட்ட தனிப்பட்ட மனவருத்தம் காரணமாகவே என் பணியிடத்தை விட்டு அடிக்கடி வெளியேறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' பிறகு அவர் வாசிக்கச் சொன்னார். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து, அவர் சொன்னதையே ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். "சூப்பர்வைசரு" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டேன், பக்கத்து அறையில் தாளாளர் ஐயா இருந்ததால்.

அடுத்த வாரமே ஆயாம்மாவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்து எல்லாரும் அறையைவிட்டு நழுவிவிட்டார்கள். அவர் சத்தமே போடவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, "உங்க பாப்பாவத் தனியா அங்கிட்டு அனுப்பாதீக சார். ரெண்டு மூணு புள்ளைகளாச் சேந்து போகச் சொல்லுங்க. வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை மகளை வண்டியில் முன்னால் வைத்துக் கூட்டிப்போகும்போது அதை அப்படியே அவளிடம் சொன்னேன். "ஏம்ப்பா?" என்று கேட்டாள். "சும்மாதாம்மா" என்றேன்.

இந்த ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். ஆயாம்மா சொன்னதை நான் நம்பவில்லை என்றுகூட என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. நம்பினேன். நம்பியதால்தான் என் மகளைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அடுத்த கல்வியாண்டில் ஒரு பெண்குழந்தைக்கு அது நடந்தது. மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. சட்டமும் அனுமதிக்காது, மனமும் அனுமதிக்காது. அதன் அம்மா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், டாக்டர்கள் போலீசுக்குச் சொன்னதும், இரண்டாம் நாள் அந்தத் தாய் பள்ளி கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததும் மட்டும் சொல்கிறேன். அவரை எனக்குத் தெரியும். அட்மிஷன் ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான்.

சூப்பர்வைசரைக் கைது செய்தார்கள். எங்களுக்கு இதற்குமுன் எந்தப் புகாரும் வரவில்லை என்றார் தாளாளர் ஐயா. வேலையை விட்டு நிறுத்தப்பட்ட ஆயா ஒருவர் இருந்தார், அவருக்கும் சூப்பர்வைசருக்கும் தனிப்பட்ட பகை, அவர் கிளப்பிவிட்ட பேச்சுதான் இத்தனை தூரம் வந்திருக்கிறது என்றார். ஆதாரமாகக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நான் எழுதிய தாள். அதில் நாலெழுத்துக் கையெழுத்து.

மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் அம்மா அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எழுதப் படிக்கத் தெரியாதவங்க இப்படிப் பேசுவாங்களா சார்? இதை அந்தம்மா சொல்லச் சொல்லத்தான் நீங்க டைப் பண்ணீங்களா?"

"ஆமா மேடம். நடையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணினேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போங்க" என்றார். போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பவர்களுக்கும் தண்டனை உண்டு என்று அவர் எனக்கு நினைவூட்டவில்லை. ஆபீஸ் சுவரில் அதைப் பற்றி அரசு அனுப்பிய போஸ்டரை ஒட்டியவனே நான்தான். எனக்கு அது தெரியும் என்பதை என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்.

அடுத்து வந்த ஞாயிறு வழக்கம்போல நானும் மனைவியும் மகளும் ஆராதனைக்குப் போனோம். தாளாளர் ஐயா பிரசங்கத்தின் முடிவில், பள்ளிக்கு எதிராக எழும்பும் பொய் நாவுகள் அடங்கிப்போக வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் என்றது. நானும் சொன்னேன். என் மகளும் சின்னக் குரலில் சொன்னாள். என் மனைவி சொல்லவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்கும்போது, மகள் தோழிகளோடு பேசிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், மனைவி என்னிடம் கேட்டாள்.

"போன வருஷம் பாப்பாகிட்ட, தனியாப் போகாத, ரெண்டு பேராச் சேந்து போன்னு சொன்னீங்கள்ல?"

நான் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தேன்.

"அவ எங்கிட்டச் சொன்னா. எதுக்குன்னு அன்னைக்கு எனக்குப் புரியல." என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "நம்ம புள்ளைக்கு மட்டும் சொன்னீங்க."

அவள் அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. மறுநாள் காலை பள்ளிக்குப் போகாமல் காவல் நிலையத்துக்குப் போனேன். ஆயாம்மா சொன்னது இது, நான் எழுதியது இது, வாசித்துக் காட்டியது இது என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். முடிந்ததும் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். தாளில் இருந்ததைத்தான் வாசிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். அதை அவர் கவனித்துவிட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டி மறுபடி வாசித்தார்.

என்னைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் சாட்சியாகச் சேர்த்தார்கள். அது என் நேர்மைக்குக் கிடைத்த பரிசு அல்ல. வழக்குக்கு நான் தேவைப்பட்டேன். தாளாளர் ஐயாவும் கைதாகி ஜாமீனில் வந்தார். பள்ளியில் யாரும் என்னோடு பேசவில்லை. சபையில் எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாகவே இருந்தன. நான் அங்கே கடைசியாகத் தட்டச்சு செய்தது என் மகளுடைய டி.சி. அதே வாரத்தில்தான் மோட்டார் சுவிட்சை இடம் மாற்றினார்கள். எலக்ட்ரீஷியன் காலையில் வந்தார், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டார். ஆபீஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நாள் வேலை.

வழக்கு நடந்த காலத்தில் ஆயாம்மாவை ஒரே ஒரு நாள்தான் கோர்ட்டில் பார்த்தேன். சாட்சி சொல்ல இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். டி. கல்லுப்பட்டிப் பக்கம் தங்கச்சி வீட்டோடு போயிருந்தவர், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லாயிருக்கீகளா சார்? பாப்பா எந்தப் பள்ளிக்கூடம் போகுது?" என்று கேட்டார். கடுதாசியில் வேறு மாதிரி இருக்கிறது என்று போலீஸ் அவரிடம் சொல்லியிருந்தது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்பதை, உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் உரக்க வாசித்தபோதுதான் அவர் முதல்முறையாகக் கேட்டார். கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார்களாம். "கையெழுத்து என்னுது. பேச்சு என்னுது இல்ல" என்று சொன்னாராம்.

வெளியே வந்து என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டுனீகளே, அது எதுவுமே அந்தப் பேப்பர்ல இல்லையா?"

"இல்ல ஆயாம்மா."

"அப்ப எதப் பாத்து வாசிச்சீக?"

"பாக்கல. நீங்க சொன்னத ஞாபகம் வச்சுச் சொன்னேன்."

"அம்புட்டும் ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

ஆயாம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன். எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். கூண்டில் நின்றபோது என்னைப் பொய்யன் என்று நிரூபிக்க எதிர்த்தரப்பு வக்கீல் மிகவும் பாடுபட்டார். நான் அதை மறுக்கவில்லை. பொய்யன் என்பதைச் சொல்லத்தானே வந்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

சூப்பர்வைசருக்குத் தண்டனை கிடைத்தது. தாளாளர் ஐயா மீதான வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பள்ளி வேறு நிர்வாகத்தின் கீழ் நடக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் புகார்ப் பெட்டி, கேமரா, குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று பெயர்ப் பலகை எல்லாம் இருக்கின்றன. நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் புகார்ப் பெட்டியில் விழுகிற தாளை யார் எடுத்து வாசிக்கிறார், வாசித்ததை எப்படி எழுதுகிறார் என்பதுதான் என் கவலை. நான் இப்போது சிம்மக்கல்லில் ஒரு கடையில் மனுக்கள் தட்டச்சு செய்கிறேன். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, தண்ணீர் வரவில்லை, சாலை சரியில்லை என்று நாள் முழுக்க யாராவது என் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பரிகாரமாக இந்த வேலைக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். மகள் கல்லூரிக்குப் போகிறாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

தீர்ப்பு வந்த பிறகு ஆயாம்மாவைப் பார்க்க டி. கல்லுப்பட்டிக்குப் போனேன். ஊருக்கு வெளியே, மானாவாரி நிலங்களுக்கு நடுவில், தங்கச்சி வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு இருந்தார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். கால் முழுக்கச் செம்மண். கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தீர்ப்பைச் சொன்னேன். எத்தனை வருடம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் புள்ள எப்படியிருக்கு?" என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது, எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "தூங்குதோ என்னமோ" என்று சொல்லிவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது சொல்ல நினைத்துச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அப்போது சொன்னேன். நிரந்தர வேலை ஆசை, பயம், தாளாளர் ஐயா சொன்ன வார்த்தை, எல்லாம். கடைசியில், "என்னை மன்னிச்சிருங்க ஆயாம்மா" என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. திட்டவுமில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் போலக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு என்னா சார் ஆச்சு? ஒரு வேல போச்சு. வேற வேல பாக்குறேன். எங்கிட்டக் கேட்டு என்னா செய்ய? கேக்குறதுன்னா அந்தப் புள்ளகிட்டத்தேன் கேக்கணும்." சொல்லிவிட்டு உடனே தலையை ஆட்டி மறுத்தார். "அதுகிட்டயும் போயிக் கேட்டுறாதீக. அது மறந்தாலும் மறந்திருக்கும். நம்ம மனசு ஆறணும்னு போயி அதைக் கிளறக் கூடாது."

"அப்ப நான் என்ன செய்யட்டும் ஆயாம்மா?"

"என்னா செய்றது? வச்சுக்கங்க" என்றார். "உங்களோடயே இருக்கட்டும்."

சாயங்காலம் ஆகிவிட்டது, கடைசி நேரத்தில் கூட்டம் ஏறிவிடும் என்று சொல்லி, மெயின் ரோடு வரை கூடவே நடந்து வந்தார். திருமங்கலம் பஸ் வந்தது. கையைக் காட்டி அவரே நிறுத்தினார். நான் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.